கார் பேட்டரியை தினமும் 100 வரை ஏற்றலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் போய்த் திரும்பினால் எனக்கு ஒரு நாளைக்கு 35 கிலோமீட்டர். என் மின்சாரக் கார் முழு சார்ஜில் 200 கிலோமீட்டர் தாராளமாக ஓடும். ஆனாலும் வாங்கிய முதல் வருஷம் முழுக்க, ராத்திரி பிளக்கை மாட்டி 100 சதவீதம் வரை ஏற விட்டுத்தான் படுப்பேன். செல்போனில் வந்த பழக்கம். காலையில் திரையில் 100 என்று பார்த்தால் ஒரு நிம்மதி.

முதல் சந்தேகம் வந்தது பெரம்பூர் முரசொலி மாறன் மேம்பாலத்தில். மற்ற நேரங்களில் இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே, யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது போல வேகம் குறையும். சக்கரத்தின் ஓட்டத்தை மோட்டார் மின்சாரமாக மாற்றி பேட்டரிக்கு அனுப்புவதால் வரும் பிடிப்பு அது. 100 ஏற்றிக் கிளம்பிய காலைகளில் மட்டும் அந்தப் பிடிப்பு இருக்காது. வண்டி வழுக்கிக்கொண்டு இறங்கும், பிரேக்கை மிதித்தாக வேண்டும். நிரம்பிய பேட்டரியில் வருகிற மின்சாரத்தை வைக்க இடமில்லை என்பதுதான் காரணம். சரி, அப்படி இடமே இல்லாமல் நிரம்பி நிற்பது பேட்டரிக்கு நல்லதா? அதைத் தேடித்தான் படிக்க ஆரம்பித்தேன்.

கார் பேட்டரி என்பது பல லித்தியம் அயனி செல்கள் சேர்ந்தது. ஒவ்வொரு செல்லிலும் இரண்டு பக்கம். ஒரு பக்கம் லித்தியத்தைத் தனக்குள் வைத்திருக்கும் உலோகச் சேர்மம். மறுபக்கம் கிராஃபைட், அதாவது பென்சில் முனையில் இருக்கும் அதே கரி. நடுவில் ஒரு மின்பகு திரவம். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் அந்தத் திரவத்தைக் கடந்து போய் கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு இடையில் உட்காருகின்றன. வண்டி ஓடும்போது வந்த வழியே திரும்புகின்றன. இந்த அமைப்பு 1980களில் படிப்படியாக உருவானது, 1991இல் சோனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளம் போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

காலையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் வரும் மின்ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப ஸ்டேஷன்களில் ஏறுகிறவர் நேரே போய் ஜன்னல் ஓரம் உட்காரலாம். எண்ணூர் தாண்டினால் நிற்கத்தான் இடம். திருவொற்றியூரில் ஏறுகிறவர் உள்ளே இருப்பவரைக் கொஞ்சம் தள்ளச் சொல்ல வேண்டும். கிராஃபைட்டிலும் இதே கதைதான். ஆறு கார்பன் அணுக்களுக்கு ஒரு லித்தியம், அதுதான் அதன் உச்சக் கொள்ளளவு. முதலில் வரும் அயனிகள் சுலபமாக இடம்பிடிக்கின்றன. கடைசியாக வருபவை காலியிடம் தேடி நகர நேரமாகிறது. 80க்கு மேல் ஃபாஸ்ட் சார்ஜர் ஏன் இப்படி மந்தமாகிறது என்று பங்கில் காத்திருந்து எரிச்சல்படுவோமே, அந்த மந்தம் பேட்டரியைக் காப்பாற்றத்தான். அவசரப்படுத்தினால் அயனிகள் அடுக்குக்குள் நுழையாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி பிறகு திரும்பி வரவே வராது. போதாததற்கு, முழுக்க நிரம்பும்போது கிராஃபைட் சுமார் 10 சதவீதம் உப்புகிறது. தினமும் உப்பி, தினமும் சுருங்கினால் எந்தப் பொருளும் களைத்துப் போகும்.

ஆனால் ஆயுளைத் தின்னும் முக்கியமான வேலை, வண்டி சும்மா நிற்கும்போது நடக்கிறது. பால் காய்ச்சி வைத்தால் மேலே ஆடை படியும் இல்லையா, அதுபோல கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. செல் முதல்முறை சார்ஜ் ஆகும்போதே அது உருவாகிவிடும். உருவாகத்தான் வேண்டும். அந்தப் படலம் இல்லாவிட்டால் திரவம் கிராஃபைட்டோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். சிக்கல் என்னவென்றால், படலம் அதோடு நிற்பதில்லை. வருஷக்கணக்கில் மெதுவாகத் தடிக்கிறது, தடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் லித்தியத்தைத் தனக்குள் பூட்டிக்கொள்கிறது. பூட்டப்பட்ட லித்தியம் இனி உங்கள் வண்டியை ஓட்டாது. 200 கிலோமீட்டர் ஓடிய வண்டி சில வருஷம் கழித்து 180 தான் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

செல் எவ்வளவு நிரம்பியிருக்கிறதோ அவ்வளவு வேகமாக இந்தப் படலம் வளரும். வெப்பமும் சேர்ந்தால் இன்னும் வேகம். 10 டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும் என்பது பொதுவான கணக்கு. காசிமேட்டில் மீன் வாங்குகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஐஸில் கிடக்கும் வஞ்சிரத்துக்கும் வெயிலில் கூடையில் கிடக்கும் வஞ்சிரத்துக்கும் மதியத்துக்குள் என்ன வித்தியாசம் வரும் என்று தெரியும். அக்னி நட்சத்திரத்தில், 40 டிகிரி வெயிலில், 100இல் நிற்கும் கார் அந்தக் கூடை மீன்தான். நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரியைக் குளிர்விக்கும் பம்பு பெரும்பாலும் ஓடாது.

ஆகவே 100 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 100 தொட்ட அரைமணி நேரத்தில் கிளம்பி நெல்லூர் போகிறீர்களா, தாராளமாக ஏற்றுங்கள். சனிக்கிழமை ராத்திரி 100 ஏற்றி, திங்கள் காலை வரை தகரக் கொட்டகைக்குக் கீழே நிறுத்துகிறீர்களா, அதுதான் கெடுதல். நான் ஒரு வருஷம் செய்தது அதைத்தான்.

இங்கே இன்னொரு விஷயத்தைப் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் எல்லா பேட்டரியும் ஒரே சரக்கு இல்லை. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்.எம்.சி. வகை ஒன்று. அதில் செல் 4.2 வோல்ட்டை, அதாவது முழு சார்ஜை, நெருங்கும்போது உலோகப் பக்கமும் பாதிக்கப்படுகிறது. திரவம் அங்கேயும் சிதைகிறது, துகள்களில் நுண்ணிய விரிசல் விழுகிறது. இந்த வகைக்கு தினசரி 80 என்பது நல்ல அளவு. இரண்டாவது வகை எல்.எஃப்.பி., இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்தது. டாடா நெக்ஸான், டியாகோ, பி.ஒய்.டி. அட்டோ 3 என்று நம் தெருவில் பார்க்கும் வண்டிகள் பலவற்றில் இருப்பது இதுதான். இது அதிகபட்சம் 3.65 வோல்ட் வரைதான் போகும், உலோகப் பக்கம் உறுதியானது. அதனால் ‘எல்.எஃப்.பி.க்கு 100 போட்டால் ஒன்றும் ஆகாது’ என்ற பேச்சு பரவிவிட்டது.

அதில் பாதிதான் உண்மை. எல்.எஃப்.பி.யிலும் மறுபக்கம் அதே கிராஃபைட், அதே படலம். கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான் குழு எல்.எஃப்.பி. செல்களை வெவ்வேறு அளவுகளுக்குள் ஏற்றி இறக்கிச் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டது. சராசரியாகக் குறைந்த சார்ஜில் வைத்திருந்த செல்கள்தான் அதிக நாள் தாங்கின.

அப்புறம் ஏன் சில நிறுவனங்கள் எல்.எஃப்.பி. வண்டியை வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றச் சொல்கின்றன? சமையல் கேஸ் சிலிண்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுசாக இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அடுப்பில் சுடர் ஒரே மாதிரிதான் எரியும். எவ்வளவு மிச்சம் என்று சுடரைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்.எஃப்.பி. செல்லின் வோல்டேஜும் அப்படித்தான், பெரும்பகுதி நேரம் 3.3 வோல்ட்டைச் சுற்றியே நிற்கும். வண்டியின் கம்ப்யூட்டர் உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்தே கணக்கு வைத்திருக்கிறது. நாளாக நாளாக அந்தக் கணக்கில் பிசகு சேரும். 100ஐத் தொடும்போதுதான் வோல்டேஜ் சட்டென்று ஏறும், கணக்கும் சரியாகும். செல்களுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வைச் சமன்படுத்தும் வேலையும் அங்கேதான் நடக்கிறது. இதைத் தவிர்த்துக்கொண்டே போனால் 15 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த வண்டி மணலி சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்றுபோகலாம். ஆகவே வாரம் ஒருமுறை ஏற்றத்தான் வேண்டும். ஏற்றி முடிந்ததும் வண்டியை எடுத்துவிட வேண்டும்.

என் வண்டியில் 30 கிலோவாட் மணி பேட்டரி. வீட்டில் 15 ஆம்பியர் பிளக் சுமார் 3 கிலோவாட் தரும். அதாவது மணிக்கு கிட்டத்தட்ட 10 சதவீதம், இழப்பைக் கழித்தால் கொஞ்சம் குறைவு. இந்த ஒரு கணக்கு போதும். இரண்டு நாள் ஓட்டி 45க்கு வந்துவிட்டால் 80க்கு நாலு மணி நேரம். டைமரை ராத்திரி 2 மணிக்கு வைக்கிறேன், 6 மணிக்கு முடியும், 7 மணிக்குக் கிளம்பிவிடுவேன். வண்டியும் வெயிலில் நின்று சூடானது ஆறி, குளிர்ந்த நேரத்தில் ஏற்றிக்கொள்கிறது. வாரம் ஒரு நாள் டைமரை முன்னால் தள்ளி 100 வரை விடுகிறேன். கீழே 15க்குப் போகவிடுவதில்லை. ஊருக்குப் போய் பத்து நாள் வண்டி நிற்குமென்றால் 50ஐ ஒட்டி வைத்துவிட்டுப் போகிறேன். உங்கள் வண்டியின் கையேடு வேறு மாதிரி சொன்னால் அதன்படியே செய்யுங்கள், உத்தரவாதம் அதை நம்பித்தான் இருக்கிறது.

புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் இந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. இப்போது வானிலை அறிக்கை கேட்ட அன்றே 100 ஏற்றி, தண்ணீர் ஏறாத மேட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறேன். டிசம்பர் மழைக் குளிரில் இரண்டு மூன்று நாள் நிரம்பி நிற்பதால் பேட்டரிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. கரண்ட் வந்ததும் முதல் வேலையாக வண்டியை எடுத்து ஒரு சுற்று ஓட்டி, 80க்குக் கீழே இறக்கிவிட்டுத்தான் மறுபடி நிறுத்துகிறேன்.