மேட்னி ஐடல்: சொல்லும் தமிழாக்கமும்

பழைய அமெரிக்க நாடக நடிகர்களையும் மௌனப்பட நடிகர்களையும் பற்றிப் படிக்கும்போது ‘மேட்னி ஐடல்’ என்னும் தொடர் தவறாமல் எதிர்ப்படும். தோற்றப் பொலிவால் பார்வையாளர்களை, குறிப்பாகப் பெண்களை, கட்டிப்போட்டு வைத்திருக்கும் நடிகன் என்பது அதன் பொருள். தமிழில் எழுதுவோர் இதைக் ‘கனவு நாயகன்’ என்றோ ‘உச்ச நட்சத்திரம்’ என்றோ பெயர்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அத்தொடரில் பாராட்டு பாதி, இளக்காரம் மீதி. கூட்டம் வருவது முகத்துக்காகவே அன்றி நடிப்புக்காக அன்று என்னும் குறிப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. மேற்சொன்ன தமிழாக்கங்கள் இரண்டிலும் இந்த இளக்காரம் விடுபட்டுப்போகிறது.

முதற்சொல் பிரெஞ்சு. காலை என்று பொருள்படும் ஒரு சிறு சொல்லிலிருந்து, காலைப் பொழுது முழுவதையும் குறிக்கும் ‘மதினே’ பிறந்தது. அதுவே ஆங்கிலத்தில் ‘மேட்டினே’ ஆகி, நம் திரையரங்க வாசல்களில் ‘மேட்னி’, ‘மாட்னி’ என்று தேய்ந்தது. பின்னோக்கிப் போனால் இலத்தீன் வழியாக, விடியலுக்குரிய உரோமப் பெண்தெய்வமான மாத்தூதாவின் பெயரில் போய் முடியும். விடியல் தெய்வத்தின் பெயர் பிற்பகல் ஆட்டத்துக்கு எப்படி வந்தது என்று கேட்டால், விடை சாப்பாட்டு நேரத்தில் இருக்கிறது. அக்கால ஐரோப்பிய மேட்டுக்குடி வழக்கில், நாளின் முதன்மை உணவை உண்ணும்வரை உள்ள பொழுதெல்லாம் ‘காலை’ எனவே கொள்ளப்பட்டது; அவ்வுணவு வேளை மாலையை நோக்கித் தள்ளிப்போகத் தள்ளிப்போக, காலையும் உடன் நீண்டது. ஆங்கிலேயரும் பிற்பகல் நாடகங்களைக் ‘காலை ஆட்டம்’ என்று விளம்பரம் செய்ததுண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சுச் சொல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

‘ஐடல்’ கிரேக்க வழியில் வந்தது. அங்கே அதன் மூலச்சொல்லுக்கு உருவம், பிம்பம், ஆவியுரு என்றெல்லாம் பொருள். வழிபாட்டுச் சிலை என்னும் பொருளும், சிலை வணக்கத்தை ஏற்காத யூத, கிறித்தவ மரபுகளின் வழியாகப் ‘பொய்த் தெய்வம்’ என்னும் கறையும் பின்னர் ஏறின. விக்கிரகம் என்றால் கைகூப்பும் தமிழருக்கு இக்கறை உடனே புலப்படாது. ஆங்கிலத் தொடரின் இளக்காரத்துக்கு இதுவும் ஒரு வேர்.

இரண்டும் இணைந்த இடம் நாடகக் கொட்டகை. நியூயார்க்கில் புதன், சனிக்கிழமைப் பிற்பகல்களில் ஆட்டம் நடத்தும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேரூன்றியது. இரவு ஆட்டத்துக்கு ஆண்துணை இல்லாமல் போவது மரியாதைக் குறைவாகக் கருதப்பட்ட காலம் அது. பிற்பகலில் அந்தத் தடை தளர்ந்ததால், பெண்கள் தோழியரோடு வந்து அரங்கை நிறைத்தார்கள். ‘மேட்னி பெண்கள்’ என்று பத்திரிகைகள் அவர்களைக் கேலி செய்தன. அவர்கள் யாரைப் பார்க்க வந்தார்களோ அவன் மேட்னி ஐடல் ஆனான். ஆகவே கேலியின் முதல் இலக்கு நடிகன் அல்லன். தம் கையிலிருந்த காசில் தமக்குப் பிடித்ததைப் பார்க்க வந்த பெண்கள்தாம்.

இத்தொடரின் இரு முகங்களையும் ஒருவர் வாழ்விலேயே காண வேண்டுமானால் அமெரிக்க நடிகர் ஜான் பாரிமோரைப் பார்க்க வேண்டும். 1882 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். பாட்டி லூயிசா லேன் ட்ரூ அவ்வூரில் ஆர்ச் தெரு நாடக அரங்கை நடத்தியவர். தாய் ஜார்ஜியானா நடிகை. தந்தை மோரிஸ், இந்தியாவில் பிறந்த ஆங்கிலேயர், அவரும் தம் காலத்துக் கொட்டகைகளின் அழகர். மோரிஸின் இயற்பெயர் ஹெர்பர்ட் பிளைத். மேடையேறுவது குடும்பத்துக்கு இழுக்கு என்பதால் சூடிக்கொண்ட புனைபெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப்பெயராக வாய்த்தது. அண்ணன் லயனல், அக்கா எதெல் இருவரும் புகழ்பெற்ற நடிகர்களே.

ஜானுக்கு ஓவியர் ஆகவே விருப்பம். நியூயார்க் நாளிதழ் ஒன்றில் படம் வரைந்தும் வந்தார். அது நிலைக்காமல் குடும்பத் தொழிலுக்கே வந்து, 1909இல் இலேசான நகைச்சுவை நாடகம் ஒன்றின் வெற்றியால் பெயர் பெற்றார். அவருடைய பக்கவாட்டு முகத்தின் அழகுக்காக வழங்கிய ‘தி கிரேட் புரொஃபைல்’ என்னும் பட்டம் கடைசிவரை அவரை விடவில்லை.

அம்முகத்தைச் சிதைத்துக் காட்டுவதிலேயே அவர் தம் திறமையைச் செலவிட்டார் என்பது என் கணிப்பு. 1920இல் மேடையில், ஷேக்ஸ்பியரின் உடல் கோணிய அரசன் மூன்றாம் ரிச்சர்டாக நின்றார். அதே ஆண்டு திரையில் நல்லவரான டாக்டர் ஜெக்கிலாகவும் அவரே உருமாறும் கொடியவன் ஹைடாகவும் நடித்தபோது, உருமாற்றத்தின் தொடக்கத்தை ஒப்பனையின் துணையின்றி, உடல் துடிப்பாலும் முகத்தைக் கோணிக்கொள்வதாலும் மட்டுமே காட்டினார். போலி விரல்களும் தலையமைப்பும் அதன் பிறகே வருகின்றன. பிறகு ஒரு கால் இழந்த திமிங்கில வேட்டைக்காரன் ஏகாபாக இருமுறை, 1931இல் பிறரை மனவசியம் செய்யும் தாடி நீண்ட ஸ்வெங்காலியாக ஒருமுறை. இடையில் 1926இல் டான் ஹுவானாக அவர் நடித்த படம், வைட்டஃபோன் என்னும் ஒலியிணைப்பு முறையில் இசையும் ஒலிக்குறிப்புகளும் படத்தோடு ஒருங்கிணைக்கப்பட்ட முதல் முழுநீளப் படமாக அமைந்தது. அதில் அழகன் வேடந்தான். தயாரிப்பாளர்கள் அதையும் விட்டுவிடவில்லை.

அவர் மேடை வாழ்வின் உச்சம் ஹாம்லெட். 1922 நவம்பர் 16 அன்று நியூயார்க்கில் தொடங்கிய அந்த நாடகம் 101 முறை நடந்தது. 1860களில் அமெரிக்க நடிகர் எட்வின் பூத் அதே வேடத்தில் நிறுவிய 100 இரவுச் சாதனையை ஓர் ஆட்டத்தால் கடந்து அங்கே நிறுத்தினார். 1925இல் இலண்டன் ஹேமார்க்கெட் அரங்கிலும் ஆடினார். அதற்குப்பின் பதினான்கு ஆண்டுகள் மேடைப் பக்கமே வரவில்லை.

1933இல் வந்த ‘டின்னர் அட் எய்ட்’ படத்தில் லாரி ரெனோ என்னும் பாத்திரம் அவருடையது: குடியால் நொடித்து, வாய்ப்பு வற்றி, பழைய முகத்தை மட்டும் நம்பியிருக்கும் ஒரு மேட்னி ஐடல். விடுதி அறையில் எரிவாயுவைத் திறந்துவிட்டுச் சாவதற்கு முன் அவன் தலைமுடியைச் சரிசெய்து, நாற்காலியில் அமர்ந்து, விளக்கொளி தன் பக்கவாட்டு முகத்தில் விழும்படி பார்த்துக்கொள்கிறான். ‘தி கிரேட் புரொஃபைல்’ எனப் பெயர் பெற்றவரே அதை நடித்துக் காட்டியது துணிச்சல்தான். குடியால் நினைவாற்றல் குன்றி, வசனத்தை அட்டைகளில் எழுதி வைத்துப் படித்து நடித்த காலம் அடுத்து வந்தது. 1940இல் தம் பட்டப்பெயரையே தலைப்பாகக் கொண்ட படத்தில் தம்மையே கேலி செய்துகொண்டார். 1942 மே 29 அன்று, 60ஆம் வயதில் இறந்தார்.

இனித் தமிழாக்கம். ‘மேட்னி’க்குப் பகற்காட்சி என்பது நன்கு நிலைபெற்ற சொல்; பகல், காட்சி என்பன சேரும்போது லகரம் றகரமாகத் திரிவதால் ‘பகல்காட்சி’ என எழுதாமல் பகற்காட்சி என்றே எழுத வேண்டும். நம் ஊர்களில் 11.30 மணி ஆட்டத்தையும் பகற்காட்சி என்பதுண்டு என்பதால், நேரம் குழம்பக்கூடிய அறிவிப்புகளில் பிற்பகற்காட்சி எனலாம். ஆனால் ஐடலுக்கு முன் ‘பிற்’ வேண்டியதில்லை. சமையலை முடித்துவிட்டு அக்கம்பக்கத்தாரோடு மாட்னிக்குப் போன பெண்கள் நம்மிடையேயும் இருந்ததால், பகற்காட்சி என்றவுடனேயே யார் கூட்டம் என்பது தமிழ் வாசகருக்குத் தெரியும்.

‘ஐடல்’ என்பதற்கு விக்கிரகம், தெய்வம் என்பன மிகையானவை, ‘நாயகன்’ போதும். ‘பகற்காட்சி நாயகன்’ எனும்போது இரவுக் காட்சிக்குரியவன் அல்லன் என்ற இலேசான இடக்கு தானாகவே ஒலிப்பதால், இதையே பரிந்துரைக்கிறேன். ‘காதல் மன்னன்’ என்பது ஜெமினி கணேசனோடு ஒட்டிப்போன பட்டம். அதில் இளக்காரம் இல்லை, அவரைத் தவிர வேறொருவருக்கு அதைச் சூட்டினால் காதும் ஏற்காது.

ஆங்கிலத்தில் இத்தொடர் பெரும்பாலும் ஆண்பாலுக்கே வழங்குகிறது. எதெல் பாரிமோருக்கும் பகற்காட்சிக் கூட்டம் குறையவில்லை. 1928இல் அவர் பெயரிலேயே திறக்கப்பட்ட அரங்கு நியூயார்க்கின் 47ஆம் தெருவில் இன்றும் நடக்கிறது. ஆயினும் அவரைக் குறிக்க வழங்கியது ‘அமெரிக்க நாடகமேடையின் முதற்பெருமாட்டி’ என்னும் மரியாதைத் தொடர். ஆகவே பெண்பாலுக்கு ‘பகற்காட்சி நாயகி’ என ஒரு சொல்லை இப்போதைக்கு ஆக்க வேண்டியதில்லை.