உங்கட நாய்க்குக் கான்சர் எண்டு நான் சொன்ன பிறகு

போன ஐப்பசியில ஒரு ஐயா விசுவமடுப் பக்கமிருந்து லான்ட்மாஸ்டர் எண்ட ரெண்டு சில்லு உழவு மெசின்ர பெட்டிக்குள்ள வைக்கல் பரப்பி, அதுக்கு மேல நெல்லுச் சாக்கு விரிச்சு, அதில தன்ர நாயைக் கிடத்தி மிருக வைத்தியரான என்னட்டக் கொண்டுவந்தார். ரோட்டுக் குலுக்கல் நாயின்ர காலுக்குப் படக்கூடாதெண்டு வழி முழுக்க மெதுவா ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அல்சேசன் கலப்பு, ஒன்பது வயசு, பேர் ரைகர். முன்னங்கால் மணிக்கட்டுக்கு மேல தேங்காய்ப் பாதி அளவுக்கு வீங்கிக் கிடந்தது. எக்ஸ்றேயில பாத்தா எலும்பைக் கறையான் திண்ட மாதிரி ஓட்டை, நெஞ்சுப் படத்திலயும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி. எலும்புக் கான்சர், நுரையீரலுக்கும் பரவிப்போச்சு.

நான் சொல்லி முடிய ஐயா ஒண்டும் கதைக்கேல்ல. கொஞ்ச நேரம் நாயின்ர காதைத் தடவிக்கொண்டு இருந்திட்டு, "ஏன் தம்பி, எங்கட ஆக்களுக்கு மஹரகமக் கான்சர் ஆசுப்பத்திரி இருக்கிற மாதிரி இதுகளுக்கு ஒரு இடம் இல்லையோ?" எண்டு கேட்டார்.

இந்தக் கேள்வியை வேற வேற மாதிரி நிறையப் பேர் என்னட்டக் கேட்டிருக்கினம். வன்னியில நாய்க்குக் கான்சர் எண்டா என்ன செய்யலாம், என்ன செய்ய ஏலாது, வீட்டுக்குப் போய் அடுத்தநாள் காலமை எழும்பி என்ன செய்யிறது, இதுகளைத்தான் இதில எழுதப்போறன்.

முதல்ல என்ர பிழை ஒண்டைச் சொல்லவேணும். வேலை தொடங்கின புதுசில ஒரு குடும்பத்துக்கு "ரெண்டு மாசம்தான்" எண்டு நேரடியாச் சொல்லிப்போட்டன். அந்த வீட்டுப் பிள்ளை கொப்பியில 60 எண்டு எழுதி ஒவ்வொரு நாளும் ஒண்டொண்டாக் குறைச்சுக்கொண்டு வந்திருக்கு. நாய் நல்லாச் சாப்பிட்டு ஓடித் திரிஞ்ச நாளிலயும் அந்த வீட்டில ஆரும் சிரிக்கேல்ல எண்டு பிறகு தாய் சொன்னா. அதுக்குப் பிறகு நான் நாள்க் கணக்கு முந்திக்கொண்டு சொல்லுறேல்ல, கேட்டா உண்மையை மறைக்காமச் சொல்லுவன், ஆனா அதோட சேர்த்து நாய்க்கு இந்தக் கணக்குத் தெரியாது எண்டதையும் சொல்லுவன், அதுக்கு இண்டைக்கு நோகுதோ நோகேல்லையோ, படலை திறக்கிற சத்தம் கேட்டா ஓடிப்போக ஏலுதோ ஏலாதோ, அவ்வளவுதான்.

கட்டி எண்டவுடன கான்சர் எண்டு முடிவு கட்டவும் வேண்டாம். கொழுப்புக் கட்டி இருக்கு, சீழ்க் கட்டி இருக்கு, காது மடலில இரத்தம் தேங்கி வீங்கிறதிருக்கு. கையால தடவிப் பாத்து என்னாலயே நிச்சயமாச் சொல்ல ஏலாது, ஊசியால கொஞ்சம் உறிஞ்சிக் கண்ணாடியில பூசி மைக்ரொஸ்கோப்பில பாக்கவேணும், சிலதுக்குத் துண்டு வெட்டி அனுப்பவேணும்.

கான்சர் எண்டே வந்தாலும் எல்லாம் ஒரே சாதி இல்லை. எங்கட பக்கம் ரோட்டில திரியிற நாயளில நான் கூடக் காணுறது பிறப்புறுப்பில வாற கட்டி. ஆண் நாயெண்டா சொட்டுச் சொட்டா இரத்தம் வடியும், பெட்டையெண்டா இன்னும் தீட்டுத்தான் போகுது எண்டு வீட்டுக்காரர் மாசக் கணக்கில விட்டிடுவினம், விரிச்சுப் பாத்தா பூக்கோவா மாதிரி ஒரு கட்டி நிக்கும். இது இணை சேரேக்க நாயில இருந்து நாய்க்குத் தொத்துறது, கிருமி இல்லை, கான்சர் கலமே நேரா மற்ற நாயில போய் ஒட்டி வளருது. 1876ல நொவின்ஸ்கி எண்ட ரஷ்ய மிருக வைத்தியர் ஒரு நாயின்ர கட்டியில துண்டெடுத்து இன்னொரு நாயில வச்சு வளரப்பண்ணிக் காட்டினவர். மணந்து நக்கிறதால மூக்குக்குள்ளயும் வரும், மூக்கால இரத்தம் வாற நாயை அடிபட்டது எண்டு விட்டிடாதேங்கோ. மனிசருக்கு இது தொத்தாது. பாக்கத்தான் பயங்கரமா இருக்கும், ஆனா கிழமைக்கொரு ஊசியா நாலு தொடக்கம் ஆறு ஊசியில கனக்கத் தரம் முழுசாச் சுகமாயிடும். இதைக் கான்சர் எண்டு கேட்டவுடன பயந்து கொண்டுபோய்க் காட்டில விட்ட ஆக்களையும் எனக்குத் தெரியும், அதை நினைச்சா இப்பவும் நெஞ்சு அடைக்கும்.

அந்த ஊசி மருந்தின்ர பேர் வின்கிறிஸ்ரின். எங்கட முற்றத்தில நிக்கிற, நித்தியகல்யாணி எண்டும் சொல்லுற பட்டிப்பூச் செடியில இருந்துதான் அதை எடுக்கிறவை. இதை நான் சொன்ன பிறகு ஒரு ஆள் பட்டிப்பூவை அவிச்சு நாய்க்குப் பருக்கி, அது சத்தியெடுத்துச் சுருண்டு போய் என்னட்ட வந்தது, அதனால தயவுசெய்து அப்பிடிச் செய்யாதேங்கோ, செடி நஞ்சு, மருந்தெண்டது நிறுத்து அளந்து நரம்புக்குள்ள மட்டும் போடுறது, ஒரு துளி நரம்புக்கு வெளியால போனாலும் அந்த இடத்துத் தசை அழுகும். ஊசி போடேக்க நாயை அசையாமப் பிடியுங்கோ எண்டு நான் சத்தம் போடுறது அதுக்குத்தான். போட்டு ரெண்டு மூண்டு நாளைக்கு மூத்திரம், மலம் அள்ளேக்க கையுறை போடுங்கோ, பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில அவ அதைத் தொடவே வேண்டாம்.

இன்னொண்டு முலைக் கட்டி. பெட்டை குட்டி போடாம இருக்கவெண்டு ஆறு மாசத்துக்கொருக்கா ஊசி போடுற பழக்கம் இங்க இருக்கு. மலிவு, லேசு, ஆனா அந்த ஊசியே முலைக் கட்டியும் கர்ப்பப்பையில சீழும் வாறதைக் கூட்டுது. முதல் தீட்டுக்கு முன்னமே சூலகத்தோட கர்ப்பப்பையை எடுத்துவிட்டா முலைக் கட்டி வாற வாய்ப்பு நல்லாக் குறைஞ்சிடும், வருசங்கள் போகப்போக அந்தப் பலனும் குறைஞ்சுகொண்டு போகும். வந்த கட்டியளில ஏறக்குறையப் பாதி கெட்டதில்லை. கெட்டதெண்டாலும் 3 சென்ரிமீற்றருக்கு உள்ள இருக்கேக்க வெட்டினா நல்ல பலன் இருக்கு. நாய்க்குப் பொதுவாப் பத்து முலை, மாசத்துக்கொருக்கா உண்ணி பாக்கிற கையாலயே ஒவ்வொண்டையும் விரலுக்கிடையில உருட்டிப் பாருங்கோ, பயறு அளவில ஒண்டு தட்டுப்பட்டாலும் கொண்டு வாங்கோ. "வளருதோ எண்டு பாப்பம்" எண்டு வருசம் ஒண்டு விட்டிட்டு மாங்காய் அளவில கொண்டுவந்தா என்னால செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

பெரிய சோதனையளுக்கு, பெரிய ஒப்பரேசனுக்கு நான் பேராதனைக்குத்தான் எழுதிக் குடுக்கிறது. நாட்டில மிருக வைத்திய பீடம் இருக்கிறது அங்க மட்டும்தான், பல்கலைக்கழக மிருக வைத்தியசாலையும் அதோடதான். ஆனா கிளிநொச்சியில இருந்து ஒரு வருத்தக்கார நாயை வான் பிடிச்சுக் கொண்டுபோய்க் கொண்டுவாறதெண்டா அதுக்கும் ஒரு நாள், உங்களுக்கும் ஒரு நாள், காசும் போகும். போக ஏலாத ஆக்கள் குற்ற உணர்ச்சியோட என்னைப் பாக்கிறதைக் காணேக்க எனக்குத் தாங்காது. ரைகருக்குக் காலை எடுத்திருந்தா நோ நிண்டிருக்கும், மூண்டு காலில நாயள் நல்லா ஓடித் திரியும், ஆனா நுரையீரலுக்குப் போன பிறகு அதைச் செய்யச் சொல்ல எனக்கே மனம் வரேல்ல. ஐயா கேட்டார், "அப்ப சும்மா விடுறதோ?" எண்டு. சும்மா விடுறேல்ல, நோவைப் பாக்கிறதும் வைத்தியம்தான்.

அந்த நோ விசயத்தில ஒரு பெரிய ஆபத்து வீட்டு அலுமாரிக்குள்ளயே இருக்கு. ஐயா தன்ர முழங்கால் நோவுக்குப் போடுற டைக்ளோபெனாக் குளிசையை ரைகருக்கும் அஞ்சாறு நாள் குடுத்திருக்கிறார். அன்பிலதான் குடுத்தவர். என்னட்ட வரேக்க மலம் தார் மாதிரிக் கறுப்பு, வயித்துக்குள்ள இரத்தம் கசியுது. டைக்ளோபெனாக், இபுபுறூபன் ரெண்டும் நாயின்ர குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பனடோலும் உங்கட கணக்குக்குக் குடுக்கக்கூடாது, பூனையெண்டா ஒரு குளிசையே உயிரை எடுக்கும். பாமசியில பிரெட்னிசலோன் எண்ட ஸ்ரெரொயிட் குளிசை வாங்கி நோக் குளிசையோட சேர்த்துக் குடுக்கிறதும் வயித்தில ஓட்டை போடுற வேலை. நாய்க்கெண்டு நோ மருந்து இருக்கு, நிறையைப் பாத்துத்தான் தாறது, நெல்லு நிறுக்கிற தராசில ஏத்தி நிறையைப் பாத்து எழுதிக்கொண்டு வாங்கோ, மாசா மாசம் அந்த நிறை இறங்குதோ எண்டு பாக்கிறதுக்கும் அது உதவும்.

நோகுதெண்டா நாய் கத்தும் எண்டு காத்திருக்காதேங்கோ, கனக்கத் தரம் கத்தாது. இரவில படுக்காம இடம் மாத்தி மாத்தித் திரியும், வெய்யில் இல்லாமலே மூச்சிளைக்கும், ஒரே இடத்தை நக்கும், கொட்டிலுக்குப் பின்னால போய் ஒதுங்கும்.

வெடிச்ச கட்டியெண்டா எங்கட வெக்கைக்கு இலையான் முட்டை போட்டு ஒண்டு ரெண்டு நாளில புழு வச்சிடும். உப்புத் தண்ணி கொதிக்க வச்சு ஆறவிட்டுக் கழுவுங்கோ, சுத்தமான துணியால மூடுங்கோ, பகலிலயும் நுளம்பு வலைக்குள்ள படுக்க விடுங்கோ. மண்ணெண்ணெயும் பழைய எஞ்சின் ஒயிலும் ஊத்தாதேங்கோ, ஏற்கெனவே எரியிற புண். சாப்பாட்டுக்கு மீனை அவிச்சு முள்ளெடுத்துச் சோத்தோட இளஞ்சூட்டில பிசைஞ்சு குடுங்கோ, வெங்காயம் போட்ட குழம்பு வேண்டாம், வெங்காயம் நாயின்ர இரத்தத்தை உடைக்கும்.

நான் எல்லாருக்கும் சொல்லுற ஒரு வேலை இருக்கு, காசு செலவில்லாதது. உங்கட நாய்க்கு விருப்பமான அஞ்சு விசயத்தை எழுதுங்கோ. ஐயா எழுதிக் கொண்டுவந்த துண்டு இன்னும் என்ர லாச்சிக்குள்ள கிடக்கு. காலமைத் தேத்தண்ணியோட பாண் கரை. லான்ட்மாஸ்டர் சத்தம் கேட்டா படலைக்கு ஓடுறது. அணில் துரத்துறது. பின்னேரம் வாய்க்கால்த் தண்ணிக்குள்ள படுக்கிறது. பேத்தி பள்ளிக்கூடத்தால வாறது. இந்த அஞ்சில மூண்டு நடந்தா அண்டைக்குக் கலண்டரில வட்டம், இல்லாட்டி ஒண்டும் போடாதேங்கோ. வட்டத்தை விட வெறும் நாள் கூடத் தொடங்கேக்க எனக்குப் போன் பண்ணுங்கோ, அவ்வளவுதான். கட்டியையே பாத்துக்கொண்டு இருந்தா தினமும் பயம்தான் வரும், நாயைப் பாத்தா என்ன செய்யிறதெண்டு தெரியும்.

"நாய்தானே, இன்னொண்டு எடுத்து வளருங்கோ" எண்டு சொல்லுற ஆக்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேணும். முலைக் கட்டி நுரையீரலுக்குப் போன ஒரு பெட்டையை வச்சிருந்த ஒரு அன்ரி, மூச்செடுக்க ஏலாம அது நிண்டபடியே நித்திரை கொள்ளுற அளவுக்கு வந்தும் நோகாம உயிர் போகப் போடுற ஊசிக்கு ஓமெண்டு சொல்லேல்ல. கொல்லுறது பாவம் எண்டு நினைக்கிறா போல எண்டு நான் யோசிச்சன். அப்பிடி யோசிக்கிற ஆக்கள் கனபேர், வைரவற்ர வாகனத்தைக் கொல்லுறதோ எண்டு கேப்பினம், நானும் வைரவர் கோயிலுக்குப் போறவன்தான், துடிச்சுத் துடிச்சுச் சாகவிடுறதை அவர் கேக்கமாட்டாரோ எண்டுதான் நான் திருப்பிக் கேக்கிறது. ஆனா அன்ரிக்கு அது இல்லை. 2009ல இடம்பெயரேக்க வளர்த்த நாயின்ர சங்கிலியைக் கழட்டி விட்டிட்டு நடந்தவ. கொஞ்சத் தூரம் பின்னால வந்ததாம், பிறகு ஷெல் சத்தத்துக்கு எங்கயோ ஓடிட்டுதாம். மெனிக் பாம் அகதி முகாமில இருந்து திரும்பி வந்து வளவுக்குள்ள தேடினவ, ஒண்டும் இல்லை. "இதுவும் அதே மாதிரி விட்டிட்டுப் போறமாதிரிக் கிடக்கு தம்பி" எண்டா. எங்கட ஊரில இப்பிடி எத்தினை வீடு. நாய்தானே எண்டு சொல்ல முதல் அந்த வீட்டில என்ன போயிருக்கெண்டு யோசியுங்கோ.

அவவுக்கு நான் விளங்கப்படுத்தினதை உங்களுக்கும் சொல்லுறன், தெரிஞ்சிருந்தா பயம் குறையும். முதல்ல மயக்க ஊசி, நாய் நல்ல நித்திரையாப் போகும், அதுக்குப் பிறகுதான் நரம்பில மற்ற ஊசி, அது நோகாது, கொஞ்ச நேரத்தில இதயம் நிக்கும். கண் மூடாது, அது வழமை. பிறகும் ஒண்டு ரெண்டு தரம் மூச்சு இழுக்கிறமாதிரி வரலாம், மூத்திரம் போகலாம், அது உயிர் இல்லை, உடம்பு தளருறது. நீங்கள் பக்கத்தில நிக்கலாம், மடியில வச்சிருக்கலாம், ஏலாதெண்டா வெளியால நிக்கலாம், ரெண்டும் பிழையில்லை. அன்ரி மடியில வச்சிருந்தா. முடிஞ்ச பிறகும் கழுத்துப் பட்டியைக் கழட்ட விடேல்ல, அதோடதான் தாட்டது.

சின்னப் பிள்ளையளுக்கு "நித்திரை கொள்ளுது" எண்டு சொல்லாதேங்கோ, பிறகு பிள்ளை நித்திரைக்கே பயப்படும். செத்துப்போச்சு, இனி வராது, நோகவும் மாட்டுது எண்டு சொல்லுங்கோ, அழுதா அழ விடுங்கோ.

ரைகருக்கு நோ மருந்தோட ஏழு கிழமை கிடைச்சுது. முதல் நாலு கிழமை கலண்டர் முழுக்க வட்டம், வாய்க்காலுக்கு மட்டும் ஐயா தள்ளுவண்டியில வச்சுக் கொண்டுபோனவராம். மார்கழித் தொடக்கத்தில ஒருநாள் விடியவே போன். "தம்பி, மூண்டு நாளா வட்டம் போட ஏலாமக் கிடக்கு." மோட்டச்சைக்கிளில மழைக்குள்ள போனன். ரைகர் தாழ்வாரத்தில சாக்கில கிடந்தது, எழும்ப ஏலேல்ல, வாலை மட்டும் ரெண்டு தரம் தட்டினது. பேத்தி பாண் கரையைத் தேத்தண்ணியில நனைச்சு வாய்க்குக் கிட்டப் பிடிச்சுக்கொண்டு இருந்தா, அது நக்கினது, விழுங்கேல்ல.

ஊசி மருந்து உடம்புக்குள்ள நிக்கும், காட்டுப் பன்றியோ நரியோ கிளறித் திண்டா அதுகளும் சாகும், ஆழமா வெட்டவேணும், கிணத்துக்குத் தூரமா இருக்கவேணும் எண்டு ஐயாவுக்குச் சொல்ல வாயெடுத்தன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் வளவின்ர மற்றப் பக்கத்தில வேப்பமரத்தடியைக் காட்டினார். தன்ர இடுப்பளவுக்குக் குழி வெட்டி, மேல போட முள்ளுக் கட்டையும் அடுக்கி, மழைத் தண்ணி நிறையாமத் தகரம் போட்டு மூடி வச்சிருந்தார்.