மலேரியா மருந்தடிப்பு: சுவரில் அடிப்பது சரி, பம்ப் கழுவின தண்ணீர் எங்கே போகிறது?

ஐம்பது வயதைத் தாண்டிய யாழ்ப்பாணத்தவர்களுக்கு மலேரியா மருந்தடிப்பைப் பற்றி விளக்கத் தேவையில்லை. முதுகில் பம்ப், சுவரெல்லாம் வெள்ளைப் படலம், ஒரு கிழமைக்குப் போகாத மலத்தியன் என்ற பூச்சிமருந்தின் மணம் எல்லாம் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இளம் ஆட்கள்தான் இதையும் டெங்குப் புகையையும் ஒன்றாக நினைக்கிறார்கள். புகை, அந்த நேரம் பறந்துகொண்டிருக்கும் நுளம்பைக் கொல்லும். கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடும். சுவர் மருந்து அப்படியில்லை. இரத்தம் குடித்த நுளம்பு ஆறுவதற்குச் சுவரில் வந்து இருக்கும்போது அதன் கால் வழியே ஏறிக் கொல்லும். அதனால் அது மாதக்கணக்கில் சுவரில் தங்க வேண்டும். தங்கவேண்டிய மருந்து என்பதால்தான் அதற்கு இத்தனை கட்டுப்பாடு.

இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டுக்கு மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் கொடுத்தது. பிறகேன் மருந்து? வெளிநாடு போய் வருபவர்கள் உடலில் கிருமி வந்துகொண்டுதான் இருக்கிறது. 2018 டிசம்பரில் மொனராகலை மாவட்டத்தில், இந்தியாவிலிருந்து வந்த ஒரு தொழிலாளியின் உடலில் இருந்த கிருமி நுளம்பு வழியாக உள்ளூர்வாசி ஒருவருக்குத் தொற்றியது. போதாக்குறைக்கு, 2016 கடைசியில் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்ட அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்ற, மலேரியா பரப்பும் நுளம்பு யாழ்ப்பாணத்துக்கும் வந்துவிட்டது. பழைய மலேரியா நுளம்புக்கு ஆற்றுப் படுகையும் குட்டையும் வேண்டும். இதற்கு வீட்டுக் கிணறும் சீமெந்துத் தொட்டியும் போதும். எங்கள் ஊரில் அவை இரண்டுக்கும் குறைவில்லை.

ஆகவே முன்பு போல வீடு வீடாக, வருஷா வருஷம் அடிப்பது இல்லை. வெளியிலிருந்து நோயோடு வந்த ஒருவர் இருக்கும் இடத்தில் மலேரியா நுளம்பும் இருக்கிறதா என்று மலேரியா தடை இயக்கத்தின் பூச்சியியல் குழு பார்க்கும். தொற்றும் ஆபத்து இருந்தால் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் மருந்தடிப்பு வரும். உங்கள் வீதிக்கு வந்தால் அங்கே அப்படியொரு காரணம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். யார் அந்த நோயாளி என்று தோண்டித் துருவுவது மட்டும் வேண்டாம்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பீடைகொல்லிப் பதிவாளரிடம் பதியாத எந்த மருந்தையும் இறக்குமதி செய்யவோ விற்கவோ முடியாது. சுகாதாரத் துறை வாங்கும் மருந்துக்கும் இதே விதிதான். லேபல் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்க வேண்டும். கழிவு, நீர்நிலை மாசு எல்லாம் அதே ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்துக்குள் வரும். அதைப் பார்ப்பது மத்திய சுற்றாடல் அதிகாரசபை. டிடிடி என்ற பழைய பூச்சிமருந்தைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு சொல்: மலேரியாவுக்கு டிடிடி அடிப்பதை இலங்கை 1970களிலேயே விட்டுவிட்டது. மலத்தியன் வந்தது, பிறகு 1990களிலிருந்து பைரெத்ராய்ட் வகை மருந்துகள் வந்தன.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியது

முன்னறிவித்தல் இல்லாமல் பம்போடு படலையில் வந்து நிற்பது முறையில்லை. எப்போது, என்ன மருந்து, எவ்வளவு நேரம் வெளியே நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். பிறகு யாருக்காவது சுகமில்லாமல் போனால் வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.

குசினியில் இருக்கும் சாப்பாடு, சட்டி பானை, குடிதண்ணீர்க் குடம் எல்லாம் வெளியே போக வேண்டும். தூக்க முடியாத அலுமாரி, கட்டில் எல்லாவற்றையும் அறை நடுவில் சேர்த்துப் பொலித்தீன் விரிப்பால் மூடுவார்கள். சுவரில் தொங்கும் படங்களைக் கழற்றுங்கள். சுவாமி அறைப் படங்களை மற்றவர் தொடக்கூடாது என்றால் நீங்களே முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். கோழி, நாய், பூனை எல்லாம் வளவுக்கு வெளியே. மீன் தொட்டி இருந்தால் கட்டாயம் வெளியே எடுங்கள். பைரெத்ராய்ட் மனிதருக்குச் செய்வதைவிட மீனுக்குச் செய்யும் கேடு பல மடங்கு.

எழும்ப முடியாத நோயாளியோ முதியவரோ படுத்திருக்கும் அறைக்கு மருந்தடிக்கக் கூடாது. இது உங்கள் வேண்டுகோள் அல்ல, உலக சுகாதார நிறுவனத்தின் விதி. ‘ஐந்து நிமிஷம்தானே, போர்வையால் மூடிவிடுங்கள்’ என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

அடித்து முடிந்ததும் இரண்டு மணித்தியாலம் உள்ளே போகக்கூடாது. அப்புறம் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு இன்னும் அரை மணித்தியாலம் காற்றோட விடுங்கள். நிலத்தில் செத்துக் கிடக்கும் பூச்சியையும் தூசியையும் பிள்ளைகள் வருமுன் கூட்டி மலகூடக் குழிக்குள் போடுங்கள். கோழி கொத்த விடக்கூடாது. நிலம் துடைத்த வாளித் தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றுவது எங்களுக்குக் கை தானாகப் போகிற பழக்கம். அன்றைக்கு மட்டும் அதுவும் குழிக்குள்தான் போக வேண்டும். சுவரைக் கழுவவோ வெள்ளையடிக்கவோ கூடாது. நல்லூர்த் திருவிழாவுக்கோ பொங்கலுக்கோ சுண்ணாம்பு அடிக்க வேண்டுமென்றால் மருந்து வரும் முன்பே அடித்து முடியுங்கள். மேலே பூசினால் மருந்து மூடுபட்டுப் போகும். பழைய சுண்ணாம்புச் சுவரிலும் காரத்தன்மையால் மருந்து சீக்கிரம் சிதைகிறது என்பதால் சுவர் என்ன சுவர் என்று அடிக்க வருபவர்களிடம் சொல்லிவையுங்கள்.

முகத்தில் மருந்து பட்டால் எறும்பு ஊருவது போலக் கூசலாம். பைரெத்ராய்டுக்கு இது வழமை, பெரும்பாலும் ஒரு நாளைக்குள் போய்விடும். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஆனால் வாந்தி, மூச்சுத் திணறல், வாயில் நீர் வடிதல், கண்மணி சுருங்குதல் இருந்தால் பொறுத்துப் பார்க்க வேண்டாம். 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். மருந்தின் பெயர் எழுதிய துண்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

அடிப்பவர் சரியாக அடிக்கிறாரா?

ஒரு சதுர மீற்றர் சுவருக்கு 40 மில்லிலீற்றர் கரைசல் என்பது கணக்கு. 10 லீற்றர் பம்ப் ஒன்றால் 250 சதுர மீற்றர் அடிக்கலாம். பம்பின் நுனி சுவரிலிருந்து 45 சென்டிமீற்றர் தள்ளி நிற்க வேண்டும். ஒரு பட்டை 75 சென்டிமீற்றர் அகலம், அடுத்த பட்டை அதன்மேல் 5 சென்டிமீற்றர் ஏறி வர வேண்டும். இரண்டு மீற்றர் உயரச் சுவரில் மேலிருந்து கீழே வர ஏறக்குறைய நாலரை செக்கன். நீங்கள் அளவு நாடாவோடு நிற்க வேண்டியதில்லை. சுவரில் மருந்து வழிந்து நிலத்தில் தேங்கினால் கூடிப்போச்சு என்று விளங்கும்.

அடிப்பவரின் உடுப்பையும் பாருங்கள். நீளக்கைச் சட்டை, கையுறை, பூட்ஸ், முகமூடி, கண்ணுக்கு மறைப்பு, தொப்பி எல்லாம் வேண்டும். யாழ்ப்பாண வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு நிற்பது சித்திரவதைதான், கழற்றத்தான் மனம் வரும். அதனால் வேலையை விடியவே தொடங்கி மதியத்துக்குள் முடிப்பதுதான் நல்லது. கை கழுவாமல் வெற்றிலை போடுவதும் பீடி பற்றவைப்பதும் மருந்தை நேரே வாய்க்குள் போடுவது போல. அந்த உடுப்பு வீட்டுக்குப் போகக் கூடாது. வேலைத்தளத்திலேயே கழுவ வேண்டும். மனைவி பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்து அலசினால் இந்தக் கவனமெல்லாம் வீண்.

கழுவின தண்ணீர்

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம். மருந்தடிப்பு என்றால் எல்லோரும் சுவரையே பார்க்கிறார்கள். ஆனால் ஒழுங்காக அடித்த சுவரால் சுற்றாடலுக்கு வரும் கேடு சொற்பம். பின்னேரம் பத்துப் பதினைந்து பம்பைக் கழுவுகிற இடம்தான் கவனிக்க வேண்டிய இடம்.

எங்களுக்கு ஆறு இல்லை. மாரியில் ஓடும் வழுக்கையாறை விட்டால் குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க எல்லாம் நிலத்தடி நீர்தான். அதுவும் சுண்ணாம்புப் பாறைக்குள் நிற்கிற நீர். மேலே மண் மெல்லிசு. கீழே பாறையில் வெடிப்பும் குகையும். சுன்னாகப் பக்கத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்த நாட்களை நாங்கள் மறக்கவில்லை. ஓரிடத்தில் ஊற்றினது இன்னோரிடத்து வாளியில் வரும் என்று அப்போது படித்தோம்.

முறையாகக் கழுவுவது இப்படி. ஏழு பீப்பாய்களை வரிசையாக வைப்பார்கள். இரண்டாம், நாலாம், ஆறாம் பீப்பாயில் நல்ல தண்ணீர். மற்ற நாலும் வெறுமை. பம்பில் மிஞ்சின கரைசலை முதலாம் பீப்பாயில் ஊற்றுவார்கள். இரண்டாவதிலிருந்து தண்ணீர் எடுத்துக் குலுக்கி மூன்றாவதில், நாலாவதிலிருந்து எடுத்து ஐந்தாவதில், ஆறாவதிலிருந்து எடுத்து ஏழாவதில். மூன்று தரம் கழுவியாகிவிட்டது, ஒரு சொட்டும் நிலத்தில் விழவில்லை. அடுத்த நாள் காலை புது மருந்து கரைக்க அந்த அழுக்குத் தண்ணீரையே முதலில் எடுப்பார்கள். மருந்தும் வீணாகாது, தண்ணீரும் மிச்சம். இதைக் கண்டுபிடித்தவர் கெட்டிக்காரர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கடைசி நாள் மிச்சமும், உடுப்பும் கையுறையும் கழுவின நீரும் எங்கே போவது? வழமையான பதில் உறிஞ்சுகுழி: கல், சரளை, கரி, மரத்தூள் என்று அடுக்கி, கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீற்றர் தள்ளி, வெள்ளம் நிற்காத மேட்டில் வெட்டுவது. பைரெத்ராய்ட் தண்ணீரில் கரைய மாட்டாமல் கரியிலும் மண்ணிலும் ஒட்டிக்கொள்ளும் சாமான் என்பதால் வேறு நிலத்தில் இது நன்றாக வேலை செய்யும். எங்கள் நிலத்தில் 30 மீற்றர் என்ற கணக்கை மட்டும் நம்ப என்னால் முடியவில்லை. பாறை வெடிப்புக்குள் போன தண்ணீருக்கு மண் வடிகட்டி கிடையாது. அதிலும் குளோதியானிடின் போன்ற புது மருந்துகள் மண்ணில் எளிதாக நகரக் கூடியவை. யாழ்ப்பாணத்துக்கு ஏற்றது அடியிலும் பக்கத்திலும் சீமெந்து பூசிய ஆவியாக்கும் தொட்டிதான். அதற்கு மழை படாத கூரையும் வேண்டும். ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்கிற மழையில் திறந்த தொட்டி நிரம்பி வழிந்தால் தொட்டி கட்டின பயன் என்ன?

இன்னொன்று. ஸ்டெபன்சியின் குடம்பிகளைத் தின்னட்டும் என்று மலேரியாப் பணியாளர்களே கிணறுகளில் கப்பி மீன் விட்டிருக்கிறார்கள். கழுவின தண்ணீர் அந்தக் கிணற்றுக்குள் போனால் முதலில் சாவது அந்த மீன்கள். ஒரு கையால் விட்டதை மறு கையால் கொல்லுகிற வேலை. இந்த நுளம்பு வீட்டுச் சுவரை மட்டும் நம்பியிருப்பதும் இல்லை, மருந்துகளுக்கு எதிர்ப்பும் காட்டுகிறது. ஆகவே கிணற்றுக்கு வலை போடுவதும் மீன் விடுவதும்தான் இங்கே முதல் வேலை என்பது என் எண்ணம். சுவர் மருந்து அதற்கு அடுத்தது.

வெறும் பைக்கற்றும் களஞ்சியமும்

காலையில் அடிப்பவர்களுக்குக் கொடுத்த மருந்துப் பைக்கற்றும், பின்னேரம் திரும்பி வந்த வெறும் பைக்கற்றும், பாவிக்காத மிச்சமும் எண்ணிக்கையில் ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் அது எங்கேயோ தோட்டத்துக்குப் போயிருக்கிறது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அடித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இல்லாமலில்லை. சுவருக்கென்று செய்த மருந்து உண்ணும் பயிருக்கு உரியதல்ல; தோட்டத்தில் பரவினால் நுளம்புக்கும் அது பழகிவிடும். வெறும் போத்தல், பைக்கற்றை யாரும் கேட்டாலும் கொடுக்கக்கூடாது. மூன்று தரம் கழுவி, துளைத்து, மிக உயர்ந்த வெப்பத்தில் எரிக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். வளவு மூலையில் குப்பையோடு கொளுத்துவது நச்சுப் புகையைத்தான் தரும்.

களஞ்சியம் பூட்டுப் போட்டதாக, காற்றோட்டமாக, வெள்ளம் வராததாக, வெக்கை ஏறாததாக இருக்க வேண்டும். வெக்கை என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு 1976இல் பாகிஸ்தானில் நடந்ததைச் சொல்லலாம். தரம் கெட்ட மலத்தியனில் ஐசோமலத்தியன் என்ற நச்சு உருவாகியிருந்தது. மருந்தடித்த 7,500 பேரில் ஏறக்குறைய 2,800 பேருக்கு நஞ்சேறியது. குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். மலத்தியனைச் சூட்டில் வைத்தாலும் இதே நச்சு கூடும். தகரக் கூரைக்குக் கீழே மருந்துப் பெட்டி அடுக்குகிறவர்கள் இதை நினைவில் வைத்தால் நல்லது.

யாரிடம் கேட்பது?

முதலில் உங்கள் பகுதிப் பிஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அவரால் முடியாவிட்டால் எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனை, அதற்கு மேல் மாவட்டத்தின் மலேரியா தடை அதிகாரி. கழுவின நீர் வாய்க்காலுக்கோ கிணற்றுப் பக்கமோ போவதைக் கண்டால் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுதலாம். திகதி, நேரம், இடம், முடிந்தால் படம். வாயால் கேட்டுப் பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்தப் பணிமனையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். எந்த மருந்து, எத்தனை பைக்கற் வந்தது, எத்தனை வெறும் பைக்கற் திரும்பியது, கழுவின நீர் எங்கே விடப்பட்டது என்ற நாலு கேள்வி போதும். விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் உங்களுக்கு அறிவித்தாக வேண்டும்.