பெண் ஓநாய் மனிதன் என்றொரு பிறவி

“அவள் சாதாரணப் பெண் அல்ல; அவள் ஒரு பெண் ஓநாய் மனிதன்.”

கைப்பேசியில் தொடராக வெளிவரும் ஒரு மொழிபெயர்ப்புக் காதல் நாவலின் அறிமுக வரி இது. ‘ஓநாய் மனிதன்’ என்ற சொல்லைப் பல ஆண்டுகளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்து வந்திருக்கிறேன். அதன் தலையில் ‘பெண்’ணையும் ஏற்றி வைத்ததைப் பார்த்த அன்று பொறுமை போய்விட்டது. முன்னால் பெண், பின்னால் மனிதன், நடுவில் ஓநாய். இந்த மூவரில் கதாநாயகி யார்?

ஓநாயாக உருமாறும் ஆளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் வேர்வுல்ஃப்; அதைத்தான் ‘ஓநாய் மனிதன்’ என்று பெயர்க்கிறார்கள். அச்சொல்லின் பிறப்பை முதலில் பார்த்துவிடலாம். அதில் பெரிய சிக்கல் இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘வெர்’ என்றால் ஆள், ஆண்மகன், ‘வுல்ஃப்’ ஓநாய். லத்தீன் ‘விர்’, சமஸ்கிருத ‘வீர’ ஆகியவையும் அந்த ‘வெர்’ரின் பங்காளிகள்தாம். ஆகவே நம் வீரனுக்கும் வேர்வுல்ஃபுக்கும் தூரத்து உறவு உண்டு. எழுத்தில் இச்சொல் முதலில் தென்படுவது 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தை ஆண்ட கினூட் மன்னனின் சட்டத் தொகுப்பில். விசுவாசிகள் என்ற மந்தையை ஆயர்கள் என்ற மேய்ப்பர்கள் எந்த வெறிகொண்ட ஓநாயிடமிருந்து காக்க வேண்டும் என்று சொல்லுமிடத்தில் வருகிறது. அங்கே அது சாத்தானைக் குறிக்கும் வசை. இரவில் உருமாறுகிற ஆள் அல்ல. பிரெஞ்சுக்காரர்களின் ‘லூ-கரூ’ இன்னும் வேடிக்கை. ‘கரூ’வுக்குள்ளேயே ஆளும் ஓநாயும் ஒளிந்திருப்பது மறந்துபோய், முன்னால் இன்னொரு ஓநாயைக் கட்டியிருக்கிறார்கள். நாம் ‘கேட்டுக் கதவு’ என்கிறோமே, அதே கதைதான். லத்தீனில் ‘வெர்சிபெல்லிஸ்’ என்றார்கள்: சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வதுபோலத் தோலைத் திருப்பிப் போட்டுக்கொள்பவன். இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இனி ‘ஓநாய் மனிதன்’ விவகாரத்துக்கு வருவோம். தமிழில் ஒரு பெயர்ச்சொல்லோடு ‘மனிதன்’ சேரும்போது என்ன பொருள் வருகிறது? குகை மனிதன் குகையில் வாழ்ந்தவன். பனிமனிதன் பனியால் ஆனவன், அல்லது பனியில் திரிவதாக நம்பப்படுபவன். சலீம் அலியைப் பறவை மனிதர் என்கிறோம். அவர் ஒருநாளும் பறவையாக மாறியதில்லை, பறவைகளைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தார். அந்தக் கணக்கில் ஓநாய் மனிதன் என்பவன் ஓநாய்களை ஆராய்பவன், அல்லது குழந்தையிலேயே காட்டில் தொலைந்து ஓநாய்களோடு வளர்ந்தவன். உருமாறுதல் இந்தச் சொல்லில் எங்கே இருக்கிறது?

சரி, உருமாறுதல் மூலச்சொல்லிலும் இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு பெயர் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. தவறானதைச் சொல்லாமல் இருந்தால் போதும். ‘மனிதன்’ தவறானதைச் சொல்கிறது. அதன் ‘அன்’ விகுதி கதவைத் தாழிட்டுவிடுகிறது, பெண் உள்ளே நுழைய முடியாது. இந்த வகைக் காதல் கதைகளை எழுதுபவர்களிலும் படிப்பவர்களிலும் பெரும்பாலோர் பெண்கள். உருமாறும் பெண்கள் அவற்றில் ஏராளம். அவர்களுக்குப் பெயரே இல்லாத ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் மொழிபெயர்ப்பாளர் ‘பெண் ஓநாய் மனிதன்’ என்று திண்டாடுகிறார். ‘ஓநாய் மனுஷி’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். கொஞ்சம் தேவலை, ஆனால் ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்தை என்னவென்று சொல்வது?

சிலர் சொற்களை இடம் மாற்றி ‘மனித ஓநாய்’ என்கிறார்கள். இது மோசத்திலும் மோசம். மனித மிருகம், மனித ஓநாய் என்பவை செய்தித்தாள்களில் யாருக்குச் சூட்டப்படும் பட்டங்கள் என்று தமிழ் படிக்கத் தெரிந்த எவருக்கும் தெரியும். கொடுங்குற்றம் செய்தவனுக்கு வைத்திருக்கும் வசையைத் தூக்கிக் காதலனுக்குச் சூட்டிவிட்டு, “அந்த மனித ஓநாயின் மார்பில் அவள் சாய்ந்தாள்” என்று எழுதினால் படிப்பவர் போலீசுக்குத்தான் சொல்ல நினைப்பார். ‘நர ஓநாய்’ என்றொரு முயற்சியும் உண்டு. நரசிம்மம் இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். நரசிம்மத்தை விட்டால் ‘நர’ இன்று எங்கே வாழ்கிறது? நரபலியிலும் நரமாமிசத்திலும்.

வேர்வுல்ஃப் ஓர் இனம் மட்டுமே. புலியாக, கரடியாக, காக்கையாக மாறுபவர்களையும் சேர்த்துக் குறிக்கும் பொதுச்சொல்லான ஷேப்ஷிஃப்டருக்கு நடந்திருப்பது தனிக்கொடுமை. ‘உருமாற்றி’, ‘வடிவமாற்றி’ என்கிறார்கள். ‘மாற்றி’ என்று முடிந்தாலே நம் காதில் மின்மாற்றிதான் ரீங்கரிக்கும். மாறுபவர் வேறு, மாற்றும் கருவி வேறு. தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். ‘உருமாறி’ என்றால் இலக்கணம் தப்பிக்கும். ஆனால் உருமாறிய பாறை, உருமாறிய கொரோனா என்று பழகிவிட்ட பிறகு அச்சொல் திரும்பாத மாற்றத்தையே காட்டுகிறது. சலவைக்கல் மறுநாள் காலையில் மறுபடி சுண்ணாம்புக்கல் ஆவதில்லை. இந்தக் கதைகளின் உயிரோ, திரும்பி வருவதில்தான் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் மாரி தெ ஃபிரான்ஸ் என்ற பெண் கவிஞர் எழுதிய கதைப்பாடல் ஒன்றில், ஓநாயாகும் பிரபுவின் உடைகளை மனைவியே மறைத்துவிடுகிறாள். உடை இல்லாமல் அவனால் மனித உருவுக்குத் திரும்ப முடியாது. ஓநாயாகவே அரசனின் காலடியில் பணிவோடு கிடக்கிறான். கடைசியில் உடை திரும்பக் கிடைக்கிறது. மாறியதில் அல்ல, திரும்ப முடியாமல் போனதில்தான் அவன் துயரம். இன்றைய தொடர்கதைகளும் தொண்ணூறாவது அத்தியாயத்தில் இதே பயத்தைக் காட்டித்தான் வாசகரைப் பிடித்து வைக்கின்றன.

பழஞ்சொல் வேண்டும் என்பவர்கள் ‘காமரூபி’யை நீட்டுவார்கள். விரும்பிய உருவெடுப்பவர் என்பது பொருள். நல்ல சொல்தான், ஆனால் இன்றைய தமிழில் அதன் முதல் இரண்டு எழுத்துகளைப் படித்ததும் மனம் எங்கே போகும் என்று விளக்க வேண்டியதில்லை. காதல் கதை அட்டையில் போட்டால் கடைக்காரர் அதைச் செய்தித்தாளில் சுற்றித்தான் தருவார். தவிர, முழுநிலவுக்குக் கட்டுப்பட்டு மாறுபவன் விரும்பியா மாறுகிறான்?

மணிமேகலையில் ‘வேற்றுரு’ இருக்கிறது. தெய்வம் கற்றுத்தந்த மந்திரத்தால் மணிமேகலை காயசண்டிகையின் உருவெடுக்கிறாள். அவளைத் தன் மனைவி என்றே நம்பும் காயசண்டிகையின் கணவன், அவள் பின்னால் சுற்றும் உதயகுமரனை வெட்டிப்போடுகிறான். உருமாற்றமும் காதலும் பொறாமையும் ஒன்றாகப் பின்னிய கதை நமக்குப் புதிதல்ல என்பதற்கு இதைக் காட்டுவேன். ஆனால் சொல் பொருந்தாது. அவள் பூண்டது மாறுவேடம், இன்னொருத்தியின் உரு. ஓநாயாக மாறுபவனுக்கு ஓநாய் வேற்றுரு அல்ல, அதுவும் அவனுடைய சொந்த உருதான். எனவே ‘ஈருரு’ என்பதை முன்வைக்கிறேன். ஈருருவன், ஈருருவி, ஈருருவர். நீரிலும் நிலத்திலும் வாழ்பவற்றை இருவாழ்விகள் என்று சொல்லத் தயங்காத மொழிக்கு இது பெரிய சுமையில்லை. காதலர்களை ஈருடல் ஓருயிர் என்கிறோம். இவர்கள் ஓருயிர் ஈருரு.

வேர்வுல்ஃபுக்கு? திருமாலின் சிங்க அவதாரத்தை ஆழ்வார்கள் ‘ஆளரி’ என்றார்கள். ஆள், அரி; அரி என்றால் சிங்கம். எவ்வளவு இறுக்கமான சொல்! அதே அச்சில் வார்த்தால் ஆள் + ஓநாய் = ஆளோநாய். ‘வெர்’ருக்கு ஆள், ‘வுல்ஃபு’க்கு ஓநாய், வரிசைகூடக் குலையவில்லை. ஆள் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். “ஆளோ, நாயோ என்று கேட்பதுபோல் இருக்கிறதே” என்று சிரித்தார். இருளில் புதர் அசைந்தால் வேறு என்ன கேட்பீர்கள் என்றேன்.

இதைவிட முக்கியமான ஒன்றை மொழிபெயர்ப்பாளர்கள் கவனிப்பதே இல்லை. திணை. அவன் ஓநாயாக இருக்கும்போது ‘வந்தான்’ என்பதா, ‘வந்தது’ என்பதா? தமிழில் வினைமுற்று ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கும், நழுவ முடியாது. நான் படித்த தொடரில் ஒரே பத்தியில் “ஓநாய் பாய்ந்தது, அவளைப் பார்த்தான், உறுமியது” என்று மூன்று முற்றும் மூன்று திசையில் ஓடின. வேண்டுமென்றே செய்திருந்தால் கைதட்டியிருப்பேன். நன்னூல் சொல்கிறது: “உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே.” பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது உவப்பினால் வந்த திணை வழுவமைதி. பவணந்தியார் காதல் ஓநாயை நினைத்து எழுதவில்லைதான். ஆனாலும் திகில் கதைக்கும் காதல் கதைக்கும் நடுவே கோடு கிழிக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. ஊரார் விளக்கை எடுத்துக்கொண்டு ஓடிவந்து ‘அது அங்கே நிற்கிறது’ என்பார்கள். அவள் ஒருத்தி மட்டும் ‘அவன் நிற்கிறான்’ என்பாள். நகமும் பல்லும் இருந்தும் ஒருத்தி தன்னை உயர்திணையில் அழைக்கிறாள் என்பதுதான் இந்தக் கதைகள் திரும்பத் திரும்ப விற்கும் சுகம். தன்னிடம் இருக்கும் அசிங்கத்தை முழுதாகப் பார்த்த பின்னும் ‘அது’ என்று சொல்லாத ஓர் ஆள் வேண்டும் என்ற ஏக்கம் யாருக்குத்தான் இல்லை? சாத்தானுக்கான வசையாகத் தொடங்கிய சொல் ஆயிரம் ஆண்டுகளில் இழிப்பிலிருந்து உவப்புக்கு நகர்ந்திருக்கிறது. மொழிபெயர்ப்பு அதை ஒரே வரியில் மறுபடி இழிப்பில் தள்ளிவிடுகிறது.

மற்றச் சொற்களையும் பார்த்துவிடுகிறேன். கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ‘ஆல்ஃபா’வை அப்படியே விட்டுவிடுகிறார்கள். விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து வளர்ந்த கருத்து அது. ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச்சின் 1970ஆம் ஆண்டு நூல் அதைப் பரப்பியது. 1999இல் அவரே அதை மறுத்து எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான். ‘ஆல்ஃபா’ என்பது அப்பா. அறிவியல் போனால் போகட்டும், கதைக்கு ஆல்ஃபா வேண்டும் என்றால் நம்மிடம் ‘தலைவன்’ இல்லையா? கூட்டத்துக்கும் தலைவன், அகப்பாட்டில் காதலனும் தலைவன். இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழியில் ஆல்ஃபாவைக் கடன் வாங்குவது என்ன நியாயம்?

விதி சேர்த்துவைக்கும் இணையை ஒருவர் ‘விதிக்கப்பட்ட தோழன்’ என்று பெயர்த்திருந்தார். தண்டனை விதித்ததுபோல. தொல்காப்பியம் களவியலில், ஒத்த தலைவனும் தலைவியும் ஒருவரையொருவர் காண்பதே “பாலது ஆணையின்” என்கிறது. பால் என்றால் ஊழ். ‘ஊழ்த்துணை’ என்று எழுதிப் பாருங்கள், பக்கமே நிமிர்ந்து உட்காரும்.

ஓநாய்க் கூட்டத்தையும் மூட்டையையும் குறிக்கும் ‘பேக்’ என்ற ஆங்கிலச் சொல்லை ஏதோ இயந்திரம் பெயர்த்திருக்க வேண்டும்; அச்சேற்றியவர் ஒருமுறை படித்தாவது பார்த்திருக்கலாம். “அவன் தன் பொதியோடு காட்டுக்குள் மறைந்தான்” என்றிருந்தது. அடுத்த பக்கம் புரட்டும்வரை, அவன் ஓநாயாக அல்ல, கழுதையாக மாறுபவன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.