சந்தா இல்லை என்பது மட்டும் போதுமா? வீட்டு ஹீட்டிங் கட்டுப்பாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

பிரித்தானியாவில் குளிர் தொடங்கும் பருவத்தில் பாய்லர் (வீட்டைச் சூடாக்கும் நீரை எரிவாயுவால் காய்ச்சும் கருவி) பராமரிப்புக்காகச் செல்லும் வீடுகளில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படுவது, மாதக் கட்டணம் இல்லாத ஸ்மார்ட் தெர்மோஸ்டாட், அதாவது கைப்பேசியிலிருந்தும் இயக்கக்கூடிய வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி, எது என்பதுதான். எரிவாயுக் கட்டணமே வீட்டு வரவுசெலவைப் பதம் பார்க்கும்போது, அதைக் குறைப்பதற்காக வாங்கும் கருவிக்கும் மாதந்தோறும் பணம் கட்டுவதை யாரும் விரும்ப மாட்டார்கள். மாதம் 4 பவுண்டு என்று வைத்துக்கொண்டாலும், கருவி 10 ஆண்டுகள் உழைத்தால் சந்தாவாக மட்டும் 480 பவுண்டு போய்விடும். ஆனாலும், ஹீட்டிங் வேலை செய்பவன் என்ற முறையில், கட்டணத்தைப் பார்ப்பதற்கு முன் வேறொன்றைப் பார்க்கும்படி எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். காலை 6 மணிக்கு வீட்டைச் சூடாக்க வேண்டும் என்ற நேர அட்டவணை உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் கருவிக்குள் பதிந்திருக்கிறதா, அல்லது எங்கோ இருக்கும் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறதா?

லண்டனின் ஹாரோ பகுதியில் ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் இதையே என்னைவிடத் தெளிவாகக் கேட்டார்: "தம்பி, இன்டர்நெட் நிண்டுபோனால் வீடும் குளிர்ந்துபோகுமோ?" கடையிலோ இணையத்திலோ எந்தக் கருவியைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

கட்டணம் இல்லை என்பதாலேயே ஒரு கருவி நிலைத்து நிற்கும் என்று சொல்ல முடியாது என்பதற்குக் கூகுளின் நெஸ்ட் நல்ல எடுத்துக்காட்டு. அந்தத் தெர்மோஸ்டாட்டை இயக்க மாதச் சந்தா எதுவும் தேவைப்படவில்லை. இருந்தும், முதல் இரண்டு தலைமுறை நெஸ்ட் லேர்னிங் தெர்மோஸ்டாட்டுகளுக்கான ஆதரவை, 2014-இல் ஐரோப்பாவில் வெளிவந்த வடிவம் உட்பட, 2025 அக்டோபர் 25-ஆம் தேதியுடன் கூகுள் நிறுத்திக்கொண்டது. அவற்றைக் கைப்பேசியிலிருந்து இனி இயக்க முடியாது. சுவரில் இருக்கும் வட்டைத் திருப்பி வெப்பநிலையை மாற்றலாம், உள்ளே பதிந்த அட்டவணையும் தொடர்ந்து வேலை செய்யும். அட்டவணை கருவிக்குள்ளேயே இருந்ததுதான் அந்த வீடுகளை இருட்டில் நடுங்க விடாமல் காத்தது.

ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் தயாரிக்கும் டாடோ நிறுவனத்தின் அனுபவம் வேறு விதமானது. வீட்டை விட்டு எல்லோரும் வெளியேறியதும் ஹீட்டிங் தானாகக் குறையும் வசதியையும், திறந்த ஜன்னலை உணர்ந்து தானாக அணைக்கும் வசதியையும் அது சந்தாவுக்குள் வைத்திருக்கிறது. சந்தா இல்லாதவருக்கு அறிவிப்பு வரும், பொத்தானை அவரே அழுத்த வேண்டும். 2025-இன் தொடக்கத்தில் சில பயனர்களிடம் செயலிக்கே கட்டணம் கேட்டுச் சோதித்துப் பார்த்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. கருவி நல்ல கருவிதான். ஆனால் விற்ற பிறகும் நிபந்தனையை மாற்றும் வாய்ப்பு விற்றவர் கையில் இருக்கிறது என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும்.

அந்தத் தானியங்கி வசதி உங்களுக்கு உண்மையில் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். தாத்தா பாட்டியோ கைக்குழந்தையோ இருக்கும் நம்மவர் வீடுகள் பலவற்றில் பகலில் யாரேனும் ஒருவர் எப்போதும் இருப்பார். எல்லோரும் வெளியேறினால் குறைக்கும் வசதிக்கு அங்கே வேலையே இல்லை. அத்தகைய வீட்டுக்குப் பயன்படுவது அறைவாரியான கட்டுப்பாடு: பகலில் பெரியவர்கள் இருக்கும் அறை 21 பாகையிலும், மாடி அறைகள் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். அதற்காக, யாரும் இல்லாத அறையை முழுக்கக் குளிர விட்டுவிடாதீர்கள். சமையல், குளியல் ஈரமெல்லாம் அங்கே போய்ப் படிந்து சுவரில் பூஞ்சை பிடிக்கும்.

அறைவாரியான கட்டுப்பாட்டில் சந்தா இல்லாமல் கிடைப்பவற்றுள் நான் முதலில் பரிந்துரைப்பவை இரண்டு. ஹனிவெல் ஹோமின் எவோஹோம் 12 பகுதிகள் வரை தனித்தனியே கட்டுப்படுத்தும். அதன் திரையும், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் நீரைக் கட்டுப்படுத்தும் வால்வுகளும் தங்களுக்குள் ரேடியோ அலையில் பேசிக்கொள்வதால் இணையம் அறுந்தாலும் அட்டவணை ஓடும். டிரேட்டனின் வைசர், பாய்லரோடு இணையும் ஹப் என்ற மையக் கருவியில் அட்டவணையை வைத்துக்கொண்டு ஜிக்பீ என்ற கம்பியில்லாத் தொடர்பு வழியாக வால்வுகளை இயக்குகிறது. பொருத்தி முடித்ததும் ரௌட்டரின் மின்செருகியைக் கழற்றிவிட்டு, அறையின் வெப்பநிலையைக் கையால் கூட்டி, பாய்லர் எரிகிறதா என்று பொருத்துபவரின் முன்னிலையிலேயே பார்த்துவிடுங்கள்.

இன்னொரு பாதுகாப்பு சட்டத்திலேயே இருக்கிறது. 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் நுகர்வோர் கருவிகளுக்குப் பாதுகாப்பு மேம்படுத்தல்கள் குறைந்தபட்சம் எதுவரை கிடைக்கும் என்பதை உற்பத்தியாளர்கள் வெளியிட்டாக வேண்டும். கடைக்காரரிடம் அதைக் கேளுங்கள். பாய்லர் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடும். அதை ஆளும் கருவிக்கு மூன்று ஆண்டு உறுதி மட்டுமே உண்டென்றால் அதற்கேற்ற விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

பாய்லரோடு கருவி எப்படிப் பேசுகிறது என்பதிலும் எரிவாயுச் சேமிப்பு அடங்கியிருக்கிறது. சாதாரணத் தெர்மோஸ்டாட் பாய்லரை எரியச் சொல்லும் அல்லது நிறுத்தச் சொல்லும். நடுவே ஒன்றும் இல்லை. ஓப்பன்தெர்ம் என்ற தொடர்பு முறையில் இரண்டையும் இணைத்தால், கருவி பாய்லரிடம் எவ்வளவு சூடான நீர் வேண்டும் என்று கேட்டு, வீடு சூடேறச் சூடேறத் தழலைத் தணிக்க முடியும். வெளியேறும் புகையின் வெப்பத்தையும் மீட்டெடுக்கும் கண்டென்சிங் பாய்லர் தன் முழுத் திறனைக் காட்டுவதற்கு ரேடியேட்டரிலிருந்து திரும்பும் நீர் ஏறக்குறைய 55 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். 75, 80 பாகையில் நீரை அனுப்பிக்கொண்டிருக்கும், தனி வெந்நீர்த் தொட்டி இல்லாத காம்பி பாய்லரில் ஹீட்டிங் நீரின் வெப்பநிலையை 60-க்குக் குறைத்தாலே, எந்தக் கருவியும் வாங்காமல் சேமிப்பு தொடங்கிவிடும். தனி வெந்நீர்த் தொட்டி உள்ள வீடுகளில் மட்டும் இதைத் தாமாகச் செய்யக் கூடாது. லெஜியோனெல்லா கிருமி வளராதிருக்க அந்தத் தொட்டி நீர் 60 பாகையை எட்ட வேண்டும். எல்லா பாய்லரும் ஓப்பன்தெர்மை ஏற்காது என்பதால், கருவிக்குப் பணம் கட்டும் முன் உங்கள் பாய்லரின் கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

மின்கம்பி வேலையைக் காணொளி பார்த்துத் தாமே செய்ய முனைபவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஓப்பன்தெர்ம் முனைகள் குறைந்த மின்னழுத்தத்துக்கானவை. அவற்றில் 230 வோல்ட் கம்பியைச் செருகினால் பாய்லரின் மின்பலகை அந்த நொடியே கருகிப் போகும். அதை மாற்றும் செலவு தெர்மோஸ்டாட்டின் விலையைத் தாண்டிவிடும். உயிருக்கே ஆபத்தும் உண்டு. பாய்லரின் உறையைத் திறக்கும் வேலையைக் கேஸ் சேஃப் (எரிவாயு வேலை செய்பவர்களுக்கான பதிவேடு) பதிவு பெற்றவரிடம் விடுங்கள்; அவருடைய அடையாள அட்டையைக் கேட்டுப் பார்ப்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

ரேடியேட்டர் வால்வின் தலையை மாற்றுவது மட்டும் நீங்களே செய்யக்கூடியது, அதில் நீரை வடிக்க வேண்டியதில்லை. பழைய தலையைக் கழற்றியதும் நடுவே ஒரு மெல்லிய உலோக ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். தட்டையான ஏதேனும் ஒன்றால் அழுத்தினால் அது சில மில்லிமீட்டர் உள்ளே போய், விட்டவுடன் தானாக மேலெழ வேண்டும். கோடை முழுவதும் மூடிக் கிடந்த வால்வுகளில் அது உள்ளேயே சிக்கியிருக்கலாம். அப்படிச் சிக்கிய வால்வில் எவ்வளவு விலையுயர்ந்த தலையை மாட்டினாலும் ரேடியேட்டர் சூடாகாது. வால்வின் பக்கவாட்டில் மெல்லத் தட்டினால் பெரும்பாலும் விடுபடும். குறட்டால் பிடித்து இழுத்தால் நீர் கசியத் தொடங்கும், ஆகவே இழுக்காதீர்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் பாய்லர் பக்கம் கை வைப்பதற்கு உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதலைப் பெற வேண்டும். வால்வுத் தலைகளை மட்டும் மாற்றுவதென்றால், கழற்றிய பழைய தலைகளை எந்த அறைக்குரியது என்று எழுதி ஒரு பையில் பத்திரப்படுத்துங்கள். வீடு மாறும் நாளில் அவற்றைத் திரும்ப மாட்டிவிட்டு உங்களுடையதை எடுத்துச் செல்லலாம். கருவியை அங்கேயே விட்டுச் செல்வதாக இருந்தால், உங்கள் கணக்கை அதிலிருந்து நீக்கி, தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்துவிட்டுச் சாவியை ஒப்படையுங்கள். முந்தையவரின் கணக்கில் பூட்டிக் கிடக்கும் தெர்மோஸ்டாட்டோடு புதிதாகக் குடிவந்தவர்கள் தவிப்பதை ஒவ்வொரு குளிர்காலத்திலும் பார்க்கிறேன்.