கரடித் தோலுக்குள் ஒரு நிகழ்தகவுக் கணக்கு

"நாலு நண்பர்கள் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். நான் ஃபைட்டர், வாள், கேடயம், சங்கிலிக் கவசம் எல்லாம் உண்டு. ஆனால் ட்ரூயிட் ஆடுகிறவன் கரடியாக மாறிவிட்டால் எனக்கு அங்கே வேலையே இல்லை. இது நியாயமா சார்?" என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, சண்டையின் முடிவைப் பகடை உருட்டித் தீர்மானிக்கும் ஆட்டம் இது. ஃபைட்டர் என்றால் போர்வீரன், ட்ரூயிட் என்றால் மிருகமாக மாறத் தெரிந்த மந்திரவாதி.

70 கிலோ ஆள் 200 கிலோ கரடியாகும்போது மிச்சம் 130 கிலோ எங்கிருந்து வந்தது என்பதுதான் இயற்பியலின் முதல் கேள்வி. அதை மந்திரத்தின் தலையில் கட்டிவிடுவோம். எனக்குப் பிடித்த விஷயம் பகடையில் இருக்கிறது.

மாணவர் ஆடுவது 2014 விதிகளின்படி. நண்பன் 'மூன்' வட்டத்து ட்ரூயிட், அதாவது மிருக உருவில் சண்டை போடுவதில் தேர்ந்த பிரிவு. இரண்டாம் லெவலிலேயே பழுப்புக் கரடி ஆகலாம். ஒருமுறை சிறிது ஓய்வெடுத்தால் இரண்டு தடவை மாறலாம். கரடிக்கு 34 ஹிட் பாயிண்ட், அதாவது அவ்வளவு அடி தாங்கும். அது தீர்ந்தால் கரடி சாகாது. உள்ளேயிருந்து ட்ரூயிட் தன் பழைய 17 பாயிண்டோடு எழுந்து நிற்பான். மறுபடி கரடியானால் இன்னொரு 34. ஆக மொத்தம் 85. ஃபைட்டரிடம் இருப்பதோ 20. ஒருவர் வீட்டில் ஒரு குடம் தண்ணீர், பக்கத்து வீட்டில் மூன்று குடம் என்ற கதைதான். போதாததற்குக் கரடியின் கடியும் பிறாண்டலும் பட்டால் ஒரு சுற்றில் எதிரிக்குச் சராசரியாக 19.5 பாயிண்ட் போகும். ஃபைட்டரின் ஒற்றை வெட்டு, 'டூயலிங்' என்ற ஒற்றை ஆயுதப் பாணியைச் சேர்த்தாலும், 9.5.

இதோடு நிறுத்தினால் மாணவரின் புலம்பல் சரி. ஆனால் குடத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

எதிரே ஒரு காப்லின், அதாவது ஒரு குட்டிப் பூதம், என்று வைத்துக்கொள்வோம். அது 20 முகப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு 4 கூட்டும். கூட்டுத்தொகை எதிராளியின் ஆர்மர் கிளாஸை, அதாவது கவச எண்ணை, தொட்டால் அடி விழும். சங்கிலிக் கவசமும் கேடயமும் சேர்ந்து ஃபைட்டருக்கு 18. அப்படியென்றால் பகடையில் 14 முதல் 20 வரை ஏதாவது விழ வேண்டும்: ஏழு முகங்கள், 35 சதவீதம். கரடிக்குக் கவசம் ஏது? வெறும் தோல், 11. பகடையில் 7 விழுந்தாலே போதும்: பதினான்கு முகங்கள், 70 சதவீதம். சரியாக இரண்டு மடங்கு! (20 விழுந்தால் கிடைக்கும் கூடுதல் அடியை விட்டுவிட்டேன், அது விடையைப் பெரிதாக மாற்றாது.)

அதாவது கரடியின் 34 பாயிண்ட், ஃபைட்டரின் 17-க்குச் சமம். இரண்டு கரடியும் சேர்ந்து 34. இப்போதும் 20-ஐ விட அதிகம்தான், ஆனால் முதலில் மிரட்டிய வித்தியாசம் இல்லை. இந்தக் கணக்கைத் துண்டுக் காகிதத்தில் முதன்முதலில் போட்டுப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எளிய கழித்தல், ஒரு வகுத்தல், அவ்வளவுதான்.

அதிக அடி விழுவதற்கு இன்னொரு விலையும் உண்டு. கரடியாக இருக்கும்போது புதிய மந்திரம் போட முடியாது. முன்பே போட்டதைக் கவனம் சிதறாமல் பிடித்து வைத்திருக்கலாம். ஒவ்வொரு சிறு அடிக்கும் அந்தக் கவனம் நிலைக்கும் வாய்ப்பு 70 சதவீதம். ஏதோ நல்ல எண் போலத் தெரியும். மூன்று அடி விழட்டும்: 0.7 × 0.7 × 0.7, சுமார் 34 சதவீதம். மூன்றில் இரண்டு தடவை மந்திரம் போச்சு.

அப்புறம் அந்தக் கடைசி அடி. கரடியிடம் 1 பாயிண்ட் மிச்சமிருக்கும்போது 10 பாயிண்ட் அடி விழுந்தால் கரடி ஒன்றைத்தான் வாங்கும். மீதி 9 உள்ளே இருப்பவன் மேல் இறங்கும்.

நடுவில் ஒரு எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். நான் ஆடும் கூட்டத்தில் ஒருவர், தொடர்ந்து நாலு முறை சின்ன எண் விழுந்தால் அந்தப் பகடையை டப்பாவில் போட்டு மூடி "தண்டனை" கொடுப்பார். பொறியியல் படித்தவர்! பகடைக்கு ஞாபகம் கிடையாது. சந்தேகமிருந்தால் கெட்டியாக உப்புக் கரைத்த தண்ணீரில் மிதக்கவிட்டுச் சுண்டிப் பாருங்கள். திரும்பத் திரும்ப ஒரே முகம் மேலே வந்தால் அதன் எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஜாதகம் பார்ப்பதை விட இதற்கு உப்புச் செலவுதான் அதிகம்.

2024-இல் வந்த திருத்த விதிகள் மூன்று குடத்தில் கை வைத்துவிட்டன. மூன் வட்டமே மூன்றாம் லெவலில்தான் கிடைக்கிறது. கரடியின் 34 பாயிண்ட் இனி இல்லை. லெவலைப் போல மூன்று மடங்கு தற்காலிகப் பாயிண்ட், அதாவது அந்த லெவலில் 9. பதிலுக்கு ட்ரூயிடின் விஸ்டம் (ஞானம்) கவசமாகிறது: அதன் கூட்டல் எண் 3 என்றால் கரடியின் ஆர்மர் கிளாஸ் 16. அதே காப்லினுக்கு 70 சதவீதம் 45 ஆகக் குறைகிறது. குடம் சிறுத்தது, ஓட்டையும் சிறுத்தது. எனக்குப் பழைய கரடிதான் பிடிக்கும், ஆனால் இது நேர்மையான கணக்கு.

மாணவருக்கு: ஐந்தாம் லெவல் வரை பொறுங்கள். அப்போது உங்களுக்கு ஒரு சுற்றில் இரண்டு வெட்டு. வலிமையை 18 ஆக ஏற்றியிருந்தால், இரண்டும் பட்டால் சராசரி 21. உங்கள் நண்பன் அப்போதும் அதே 19.5 கரடிதான். அந்த ஒரு லெவலை நன்றாக அனுபவியுங்கள், ஆறாவதில் அவனுக்குத் துருவக் கரடி கிடைத்துவிடும்.