டேப்பட் கவரில் ஆயில் கசிந்தால் நட்டை இறுக்காதீர்கள்

பழைய அம்பாசடரில் சிக்னலில் நிற்கும்போது கருகின ஆயில் வாசம் உள்ளே வருகிறதா? பெரும்பாலும் எஞ்சின் மேலே இருக்கும் தகர மூடியின் விளிம்பிலிருந்து வழிந்த ஆயில், சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (எரிந்த புகையை வெளியே கொண்டுபோகும் இரும்புக் குழாய்) பட்டுக் கருகுகிற வாசம்தான் அது. நம் ஊர் மெக்கானிக்குகள் டேப்பட் கவர் என்று சொல்லும் மூடி. அதைப் பார்த்ததும் எல்லாரும் செய்கிற முதல் வேலை, மேலே உள்ள ரெண்டு நட்டையும் இன்னும் அரைச் சுற்று இறுக்குவது. கொஞ்ச நாள் கசிவு நிற்கும், அப்புறம் முன்னைவிட அதிகமாக வழியும்.

இந்த எஞ்சின் 1489 சிசி, பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி சீரிஸ் குடும்பம். 1955இல் வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே 1489 சிசிதான், பின்னால் 1962இல் வந்த எம்ஜிபியில் அதன் 1798 சிசி அண்ணன். ஆகவே இங்கே சொல்வது அந்த வண்டிகளுக்கும் பொருந்தும். (அம்பாசடரில் பிற்பாடு வந்த 1800 இசுசு எஞ்சின் வேறு சமாச்சாரம், அதை விட்டுவிடலாம்.)

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இந்த மூடிக்குள்ளே ஆயில் அழுத்தத்தில் இல்லை. பம்ப் தள்ளும் ஆயில் ராக்கர் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் கைகளைத் தாங்கும் தண்டு) வரை அழுத்தத்தோடு வருகிறது, அங்கிருந்து வெளியே வந்ததும் சும்மா தெறித்து, வழிந்து, புஷ்ராடு என்ற தள்ளுகம்பிகள் போகும் துளைகள் வழியாகக் கீழே சம்புக்கு, அதாவது அடியிலுள்ள ஆயில் தொட்டிக்கு, திரும்பிவிடுகிறது. மூடிக்கும் எஞ்சின் ஹெட்டுக்கும் (எஞ்சினின் மேல்பாகம்) நடுவே வைக்கும் பேக்கிங் தடுக்க வேண்டியது இந்தத் தெறிப்பை மட்டும்தான். அதனால்தான் இந்த நட்டுகளுக்குத் தொழிற்சாலை சொன்ன முறுக்கு வெறும் 4 பவுண்டு-அடி, அதாவது 5.4 நியூட்டன் மீட்டர் அளவு; சக்கர நட்டுக்குக் கொடுப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சின்ன ஸ்பேனரைக் கையில் பிடித்துக் கொடுக்கிற மிதமான இறுக்கம் போதும்.

இதை மீறினால் முதலில் கெடுவது பேக்கிங் அல்ல, மூடி. அது அச்சில் அழுத்தி வடிவமைத்த மெல்லிய இரும்புத் தகடு. ரெண்டே ரெண்டு நட்டு, அதுவும் நடுமுதுகில். அங்கே அழுத்தினால் முதுகு உள்வாங்கி விளிம்பு நெளிகிறது. நட்டுக்கு நேராக உள்ள விளிம்பில் பேக்கிங் நசுங்கிப் போகிறது, மூலைகளில் அழுத்தமே இல்லாமல் இடைவெளி விழுகிறது. அதைப் பார்த்து மறுபடி இறுக்கினால் இன்னும் நெளியும். புதுப் பேக்கிங் வாங்குவதற்கு முன் மூடியைக் கழற்றி, ஒரு தடித்த கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். எங்காவது ஆடினாலோ, அடியில் வெளிச்சம் தெரிந்தாலோ மரக்கட்டை மேல் வைத்துத் தட்டிச் சமப்படுத்த வேண்டும். என்னைக் கேட்டால், கசியும் வண்டிகளில் பெரும்பான்மைக்கு வைத்தியம் இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

சரி, பேக்கிங்குக்கு வருவோம். அந்தக் காலத்துப் பொறியாளர்கள் கார்க்கைத் தேர்ந்தெடுத்ததில் அழகான இயற்பியல் இருக்கிறது. கார்க் என்பது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. 1665இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் பார்த்து 'செல்' என்று பெயர் வைத்தாரே, அதே கார்க்தான். அடைபட்ட குட்டி அறைகள், உள்ளே காற்று, சுவர்களில் சூபரின் என்ற மெழுகுத்தன்மையான பொருள், அதனால் திரவம் எளிதில் ஊடுருவாது. அழுத்தும்போது அறைச் சுவர்கள் மடிந்துகொள்கின்றன, அதனால் கார்க் பக்கவாட்டில் கிட்டத்தட்ட விரிவதே இல்லை. ரப்பர் இதற்கு நேர் எதிர். ரப்பரின் கனஅளவு சுலபத்தில் குறையாது, மேலே அழுத்தினால் பக்கத்தில் பிதுங்கியே ஆக வேண்டும். மெல்லிய தகர விளிம்புக்கு அடியில் வெறும் ரப்பரை வைத்து இறுக்கினால் அது நழுவி உள்ளேயோ வெளியேயோ ஓடப் பார்ப்பது இதனால்தான். கார்க் இருந்த இடத்திலேயே தணிந்து, குறைந்த அழுத்தத்திலும் மேடுபள்ளத்தை நிரப்பிக்கொள்ளும்.

குறையும் உண்டு. கடையில் கிடைப்பது முழுப் பட்டை இல்லை, கார்க் துகள்களைப் பசை போட்டு ஒட்டிய தாள். வருஷக்கணக்கில் அலமாரியில் தொங்கியது காய்ந்து சுருங்கியிருக்கும், மூடி மேல் வைத்தால் அரை விரல் குட்டையாக இருக்கும். இழுத்து நீட்டினால் கிழியும்; வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டால் பழைய அளவுக்கு வந்துவிடும். எஞ்சின் சூட்டில் நாளடைவில் கெட்டிப்பட்டு நசுங்கியது மட்டும் திரும்பாது, அதை எறியவேண்டியதுதான். நைட்ரைல் ரப்பர் கலந்த கார்க் கிடைத்தால் என் ஓட்டு அதற்கே. நைட்ரைல் ஆயிலைத் தாங்கும், கார்க் பிதுங்காமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் ரப்பர் என்று பெயர் இருந்தாலே வாங்கிவிடக் கூடாது. ரேடியேட்டர் ஹோஸில் வரும் ஈபிடிஎம் ரப்பர் ஆயில் பட்டால் ஊதிப் போய்விடும்.

எம்ஜி பிரியர்கள் சிலர் பளபளப்பான வார்ப்பு அலுமினிய மூடி போடுகிறார்கள். அது நெளியாது, நல்லதுதான். ஆனால் அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அரை மீட்டர் நீளத்துக்கு 80 டிகிரி ஏறினால் ஹெட்டுக்கும் மூடிக்கும் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வரும், பேக்கிங் அந்த உரசலைத் தினமும் தாங்க வேண்டும். அங்கே வார்த்த சிலிகோன் பேக்கிங் பொருத்தம்.

அடுத்தது அனபாண்ட். எந்த கம்பெனி சிலிகோன் பசையானாலும் நம் பட்டறைகளில் அதற்கு அனபாண்ட் என்றே பெயர். காற்றிலுள்ள ஈரத்தை எடுத்து இறுகும் பொருள் இது, ஆகவே தடவி அரை மணியில் வண்டியை எடுத்தால் உள்ளே இன்னும் கூழாகத்தான் இருக்கும். ஆயில் பிசுக்கின் மேல் ஒட்டவும் ஒட்டாது. கூடுதலாகப் பிதுக்கினால் பாதி வெளியே தெரியும், மீதி உள்ளே தொங்கும். அது அறுந்து சம்புக்குப் போய் ஆயில் பம்பின் சல்லடையை அடைத்தால் போகப்போவது பேரிங். டேப்பட் கிளியரன்ஸ் (வால்வுக்கும் ராக்கருக்கும் உள்ள இடைவெளி) பார்க்க இந்த மூடியை அடிக்கடி கழற்ற வேண்டும் என்பதால், பேக்கிங்கை மூடியின் பக்கம் மட்டும் மெல்லிசாகத் தடவி ஒட்டுங்கள். ஹெட் பக்கம் வறட்டாக விடலாம், அல்லது லேசாகக் கிரீஸ். நட்டுக்கடியில் உள்ள ரப்பர் புஷ்களையும் கூடவே மாற்றுங்கள். அவை கல்லாகிப் போனால் நட்டு மாட்டும் ஸ்டட் கம்பி வழியாகவே ஆயில் ஏறி வரும்.

இவ்வளவும் செய்தும் கசிந்தால் மூச்சுக்குழாயைப் பாருங்கள். எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்குவது எல்லா எஞ்சினிலும் உண்டு, ரிங் தேய்ந்தால் இன்னும் அதிகம். அது வெளியேறும் பிரீதர் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடி எங்கே பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளும். எந்த பேக்கிங்கும் அதற்கு ஈடுகொடுக்காது. ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தியதும் ஐடிலில் புஸ்ஸென்று புகை பலமாக வந்தால் சந்தேகம் சரி.

இன்னொரு இடமும் உண்டு. கார்பரேட்டர் பக்கம், மேனிஃபோல்டுக்கு அடியில் பிளாக்கிலேயே ரெண்டு சின்ன தகர மூடிகள் இருக்கின்றன, பிரீதர் குழாய் முன்பக்க மூடியில்தான் வருகிறது. அவற்றின் பேக்கிங் போனாலும் எஞ்சின் பக்கம் முழுக்க ஈரமாகும். மேல் மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டு, அன்றைக்கு ஓட்டிவந்ததும் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே காய்ந்தும் கீழே நனைந்தும் இருந்தால் மேனிஃபோல்டைக் கழற்றாமல் வேலை ஆகாது.